மீராசா பாஸ் பூட்டிய ஹெட்

அப்துல் ஸமட் இருபது வருசம் லொறி ஓட்டினவன். அந்த இருபது வருசத்தில் றேடியேற்றரைத் திறந்து தண்ணீர் பார்க்காமல் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. அவனுக்குத்தான் கல்முனை லொறி ஸ்டாண்டில் 'வத்தல் ஸமட்' என்று பேர் விழுந்தது.

அது கிழக்கைப் புரட்டிப்போட்ட எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு அடுத்த வருசம். லொறி ஜுனைதாவுடையது. புருசன் மௌத்தாகி, வீட்டோடு இருக்கும் இத்தாக் காலம் முடிந்ததும், லொறியை விற்கச் சொல்லி வந்த சொந்தக்காரர்களைத் திருப்பி அனுப்பிவிட்டுத் தானே முன்னின்று தொழிலை நடத்தினாள். நாவிதன்வெளி நெல்லை மில்லுக்கு ஏற்றுவதும், அரிசியை மலையேறிப் பதுளைக்குக் கொண்டுபோவதும் ஸமட்டின் வேலை. எஞ்சினின் தலைப்பாகமான ஹெட் வெடித்தபோது, பழைய ஹெட் ஒன்றைத் தேடிப்பிடித்துப் பூட்டிக் கொடுத்தவர் மீராசா பாஸ். ஊரில் அவரைவிடப் பெரிய மெக்கானிக் இல்லை என்பது எல்லாருடைய எண்ணம், அவருடையதும்தான்.

பூட்டின நாளிலிருந்து லொறி சரியில்லை. முதலில் எஞ்சின் தட்டியது. ஸமட் போய்ச் சொன்னதும் பாஸ் டீசல் பம்பைக் கொஞ்சம் திருப்பிவிட்டார். சத்தம் அடங்கியது, ஆனால் வெள்ளைப் புகை கிளம்பியது, மேட்டில் இழுவை இல்லாமல் போனது. இன்னும் இரண்டு தரம் போய்ச் சொன்னான். மாற்றிப் பூட்டின ஹெட் பழக நாள் எடுக்கும் என்று அனுப்பிவிட்டார். நாலாம் கிழமை, பிபிலைக்கு அப்பால் ஒரு ஏற்றத்தில், அரிசி மூட்டைகளோடு எஞ்சின் கொதித்து, ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் தகடு எரிந்துபோய், லொறி பின்னுக்கு வழுக்கி மண்மேட்டில் இடித்து நின்றது.

தண்ணீர் வற்ற வற்ற ஓட்டியிருக்கிறான் என்று பாஸ் ஜுனைதாவிடம் சொன்னார். ஸமட் அவள் வாசலில் நின்று அல்லாஹ்மேல் ஆணையிட்டு மறுத்தான். அவள் உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டாள், பாஸைத்தான் நம்பினாள். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பாஸ் புதுக் கேஸ்கட் போட்டு, அதே ஹெட்டை மறுபடி பூட்டிவிட்டார்.

பிறகு ஒரு முதலாளியும் அவனைக் கூப்பிடவில்லை. சாய்ந்தமருதில் ஒரு மில்லில் மூட்டை சுமந்தான். அவன் தேத்தண்ணிக் கடைக்குள் நுழைந்தால், வத்தல் வருகுது, முதலில் ஒரு கோப்பை தண்ணி வையுங்கோ என்று யாராவது சொல்வார்கள். அவன் பெண்சாதி றாஹிலா அந்தப் பேரைக் கிணற்றடியில் கேட்டுவிட்டு வந்து, இரண்டு நாள் யாரோடும் கதைக்கவில்லை. அந்த இரண்டு நாளை ஸமட் மறக்கவே இல்லை.

உண்மை தற்செயலாகத்தான் கிடைத்தது. மில் மெசினுக்கு ஒரு சில்லு வாங்கிவர, பாண்டிருப்பில் பழைய லொறிகளை உடைத்து விற்கும் தம்பிமுத்துவிடம் ஸமட்டை அனுப்பினார்கள். பேச்சுவாக்கில் தம்பிமுத்து சொன்னார்:

"மீராசா பாஸ் கொண்டுபோனது சின்ன எஞ்சின்ட ஹெட், காக்கா. ஜுனைதாட லொறி பெரிய எஞ்சின். நான் சொன்னனான். பூட்டுறவனுக்குத் தெரியும் எண்டு சொல்லிப்போட்டு எடுத்துக்கொண்டு போனார்."

ஸமட் அன்றைக்கே ஜுனைதாவிடம் போயிருக்கலாம். போகவில்லை. மறுபடியும் அந்த வாசலில் நின்று சொல்வதற்கு அவன் தயாரில்லை. அந்த ஹெட்டைப் பாஸே கழற்ற வேண்டும். தனக்குப் பேர் வைத்த அத்தனை பேரும் சுற்றி நின்று பார்க்க வேண்டும். லொறி இன்னும் படுக்கும், கடைசியில் அவள் ஆளனுப்புவாள் என்பது அவனுக்கு நிச்சயம். காத்திருந்தான்.

சிறுபோக அறுவடை வந்தது. ஜுனைதாவின் லொறி வீட்டு வளவுக்குள் நின்றது, அவள் ஏற்ற வேண்டிய நெல்லை வேறு லொறிகள் ஏற்றிக்கொண்டு வந்தன. மில் வாசலில் நின்று அந்த மூட்டைகளை இறக்கியவன் ஸமட்தான். புதிதாக வந்த டிரைவர்மார் இரண்டு பேர் அடுத்தடுத்து விலகிப் போனார்கள். ஒவ்வொன்றாகக் கேள்விப்படும்போது அவன் மனசு குளிர்ந்தது.

நாலாம் மாதம் அவள் ஆளனுப்பினாள். பழுது எங்கே என்று காட்டுவதாகச் சொன்ன ஸமட், ஒரு நிபந்தனை வைத்தான். வெள்ளிக்கிழமை, ஜும்மா கலைகிற நேரம், ஸ்டாண்டில் வைத்து மீராசா பாஸே எஞ்சினைக் கழற்ற வேண்டும். வராவிட்டால் பேர் கெடும் என்று பாஸ் வந்தார். சிரித்துக்கொண்டுதான் வந்தார். ஜுனைதா எதிரே இருந்த தன் தம்பியின் கடைக்குள் உட்கார்ந்து பார்த்தாள்.

பம்பை அதற்குரிய குறிக்கு நேரே கொண்டுவரச் சொன்னான் ஸமட். பாஸ் வைத்தார். எஞ்சினைக் கிளப்பியதும் புகை நின்றது. ஆனால் உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோலத் தட்டத் தொடங்கியது. அந்தச் சத்தத்தை அமுக்கத்தான், டீசல் பிந்திப் பாயும்படி பாஸ் பம்பைத் திருப்பி வைத்திருந்தார் என்று ஸமட் கூட்டத்துக்கு விளங்கப்படுத்தினான். பாஸின் சிரிப்புப் போய்விட்டது.

சூடு ஆறியதும் மூடியைக் கழற்றினார்கள். வால்வைத் தள்ளுகிற கம்பிகளை எடுத்து நிலத்தில் வரிசையாக வைத்தால், சில நீளம், சில கட்டை. இரண்டு எஞ்சினுடைய கம்பிகள். அடுத்து ஹெட் இறங்கியது. பின்னேர அசர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லியும் ஒருவரும் அசையவில்லை.

புதுக் கேஸ்கட்டை ஸமட் முதலில் எஞ்சின்மேல் வைத்துக் காட்டினான், தண்ணீர் ஓடுகிற துளைகள் எல்லாம் பொருந்தின. அதையே கவிழ்ந்திருந்த ஹெட்டின்மேல் வைத்துவிட்டு, ஒரு தென்னை ஈர்க்கிலைப் பாஸிடம் நீட்டினான்.

"ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் விடுங்க, பாஸ்."

முன்பக்கத் துளைகளில் ஈர்க்கில் உள்ளே போனது. பின்பக்கத்து இரண்டில் வெறும் இரும்பில் முட்டி வளைந்தது. பின்னால் நிற்கிறவர்களுக்குத் தெரியவில்லை என்று ஸமட் மறுபடி விடச் சொன்னான். மூன்றாம் தரமும் சொன்னான். பாஸ் ஈர்க்கிலைக் கீழே போட்டார். போதும், விடு என்று ஒரு பெரியவர் சொன்னார். ஸமட் குனிந்து ஈர்க்கிலை எடுத்து மறுபடி அவர் கையில் வைத்தான்.

"இப்ப சொல்லுங்க. தண்ணி இல்லாமலா கொதிச்ச, தண்ணி போக வழியில்லாமலா?"

"வழியில்லாம," என்றார் பாஸ், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"கேக்கல்ல."

பாஸ் உரத்துச் சொன்னார்.

தம்பிமுத்துவிடம் சரியான ஹெட் வாங்கி வந்து, பாஸைக் கொண்டே ஸமட் அதைக் கிட்ட இருந்து பூட்டுவித்தான். எஞ்சின் முதல் தரத்திலேயே கிளம்பியது. அடுத்த நாள் ஜுனைதா அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு, உள்ளே இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். ஹெட் மாறின விசயம் எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை.

"நாலு மாசமா தெரியும், றாத்தா."

"அப்ப அறுவடை நேரம் நான் பட்ட பாடு முழுக்கத் தெரிஞ்சுதான் பாத்துக்கிட்டு நிண்டிரிக்காய்."

"ஓம்."

"அந்தத் தண்டனை எனக்கும் சேத்துத்தானா?"

"ஒங்களுக்கும் சேத்துத்தான்."

அவள் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, அவனை நம்பாமல் விட்டது தன்னுடைய பிழை என்றாள். அதற்கு மாப்புக் கேட்டாள். ஆனால் இனி அந்த லொறியை அவன் கையில் தர மாட்டேன் என்றும் அதே குரலில் சொன்னாள். ஸமட்டுக்குக் கோபம் வரவில்லை. தேத்தண்ணியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, ஸலாம் சொல்லி எழும்பினான்.

அக்கரைப்பற்று முதலாளி ஒருவர் மறு கிழமையே அவனை லொறி ஓட்டக் கூப்பிட்டுக்கொண்டார். மீராசா பாஸ் கடையைப் பூட்டிவிட்டுப் பொத்துவிலில் மகள் வீட்டோடு போய் இருந்துவிட்டார். வயசான மனிசன், கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று றாஹிலா ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள். அந்தக் கிணற்றடி நாளை ஸமட் நினைத்துக்கொண்டான்.

"ஈர்க்கில மூண்டு தரம் விடச் சொன்னது போதாது," என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.