சந்தனத் தலையும் பட்டுப் பாவும்

ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு உறவுக்காரர்கள் எங்கிருந்து முளைப்பார்கள் என்று சொல்ல முடியாது. மலையடிவாரத்துக் குமரேசன் வீட்டில் இந்த வருடம் அவர்களுக்குப் பாய் விரிக்க இடமில்லை. கூடத்தில் பாதியைத் தறி பிடித்துக்கொண்டிருந்தது.

தறியைக் கொண்டுவந்தவள் அவன் மனைவி மணியம்மை. இரண்டு பேர் குடும்பத்திலும் கரும்பும் நெல்லும்தான். தறி மிதித்தவர்கள் யாரும் கிடையாது. அவள் தறிக்காரர்கள் ஊரான அம்மையார்குப்பத்தில் ஒரு சிநேகிதி வீட்டுக்குப் போய்ப் போய்க் கற்றுக்கொண்டு, அங்கேயே ஒரு பழைய தறியை வாங்கி டெம்போவில் ஏற்றி வந்துவிட்டாள். கடைப் பட்டு நூல் அவளுக்குப் பிடிக்காது. பூச்சி வெளியேறிய பட்டுக்கூடுகளை வாங்கி, சோடா உப்பு போட்டு வேகவைத்து, ராட்டையில் தானே நூற்பாள். அந்த நூல் ஓரிடத்தில் பருத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வரும். முறைத்துப் பார்த்தாலே அறுந்துவிடும் என்பான் குமரேசன். காற்றில் காய்ந்தும் அறும் என்பதால் கூடத்து மின்விசிறியை அவள் ஓடவிடுவதே இல்லை. ஆடிப் புழுக்கத்தில் வந்தவர்கள் எல்லோரும் காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நகரியிலிருந்து குமரேசனின் அக்கா வசந்தியும் அவள் கணவர் வீராசாமியும் வந்திருந்தார்கள். வீராசாமி அந்த வீட்டு மாப்பிள்ளை. பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆன பிறகும் அந்த மரியாதையில் துளி குறைந்தால் அவர் முகம் தொங்கிவிடும். அதைவிடப் பெரிய பிரியம் அவருக்குத் தன் தலைமுடி மேல். மாதம் தவறாமல் சாயம் பூசி, சட்டைப் பையில் சீப்பு வைத்திருப்பார். வசந்தியோ அவரைக் கேட்காமல், கழனியில் போட்ட போர்க் கிணற்றில் தண்ணீர் வந்தால் என் வீட்டுக்காரர் முடியைத் தருகிறேன் என்று தணிகைமலை முருகனிடம் வேண்டிக்கொண்டாள். தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கிருத்திகைக்கும் வீராசாமிக்குக் காய்ச்சல் வந்தது. இந்த வருடம் போர் வற்றத் தொடங்கியதும், காய்ச்சலோடேயே அவரைப் பஸ் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டாள்.

காலையில் முடி இறக்கியாயிற்று. தலை நிறையச் சந்தனம் அப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர் கண்ணாடி இருந்த பக்கமே திரும்பவில்லை. வடை பாயசத்தோடு சாப்பிட்டு எழுந்தபோது, படுக்க இடம் தேடி அவர் கண் சுற்றியது. தறிக்கு அடியில் சிமெண்டுத் தரை சில்லென்று காலியாகக் கிடந்தது. மின்விசிறியும் நேர் மேலே இருந்தது. மணியம்மை சமையலறையில் அடுத்த பந்திக்கு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை சுவிட்சைப் போட்டுவிட்டு, குனிந்து தறிக்கு அடியில் நுழைந்து, நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலின் கீழே நீட்டி நிமிர்ந்து படுத்துத் தூங்கிப்போனார்.

தெருவில் ஒரு காவடிக் கூட்டம் வந்து, சரியாக வாசலுக்கு நேரே பம்பையை முழக்கியது. வீராசாமி திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார். பாவு நூலில் தலை போய் இடித்தது. ஈரம் காயாத சந்தனத்தில் பட்டு நூல்கள் ஒட்டிக்கொண்டன. தூக்கக் கலக்கத்தில் தலையைத் தடவியவருக்குக் கையில் மெத்தென்று முடி தட்டுப்பட்டது. முருகன் மனமிரங்கித் திருப்பிக் கொடுத்துவிட்டான் என்று ஒரு கணம் உண்மையாகவே நம்பியதாக அவரே பிற்பாடு சொன்னார். சந்தோஷத்தில் அதைக் கோதிவிட்டார். படபடவென்று நூல்கள் அறுந்தன.

சத்தம் கேட்டு மணியம்மை கரண்டியோடு ஓடி வந்தாள். அது சென்னையில் கயல்விழி என்ற கல்லூரி ஆசிரியை கேட்டிருந்த சால்வைக்கான பாவு. கரை வேண்டாம், பூ வேண்டாம், கூட்டின் நிறத்திலேயே வேண்டும் என்று சொல்லியிருந்தாள். இப்போது அதன் நடுவில் ஒரு தலை அகலத்துக்கு மஞ்சள் பூத்திருந்தது. அறுந்த நுனிகள் தாடி மாதிரி தொங்கின. மாப்பிள்ளையைத் திட்டவும் முடியாது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். குமரேசன் முதல் வேலையாக மின்விசிறியை நிறுத்தினான். வசந்தி தன் பங்குக்கும் மணியம்மை பங்குக்கும் சேர்த்துப் புருஷனைத் திட்டினாள். வந்திருந்தவர்களில் ஒருவர் பவுடர் போடச் சொன்னார், இன்னொருவர் எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார். எல்லாம் சந்தனமாகிவிட்டால் கறை தெரியாதே, மொத்தத்துக்கும் பூசிவிடு என்றார் மூன்றாமவர்.

மணியம்மை எழுந்து முகம் கழுவி வந்தாள். எல்லோரும் தெப்பம் பார்க்கக் கிளம்புங்கள் என்றாள். வீராசாமியும் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

"அண்ணா மட்டும் இருக்கட்டும்," என்றாள்.

வீடு காலியானதும் அவரை மறுபடியும் தறிக்கு அடியில் உட்காரச் சொன்னாள். கீழே தொங்கும் நுனியை அவர் ஒவ்வொன்றாகப் பிடித்து மேலே நீட்ட வேண்டும், அவள் வாங்கி முடிச்சுப் போடுவாள். மாப்பிள்ளை மறுபேச்சு பேசாமல் உட்கார்ந்தார். நாற்பது ஐம்பது முடிச்சு ஆயிற்று. பிறகு அடியிலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, ஒண்ணு கேக்கறேன், நெசத்த சொல்லு. பாக்க ரொம்ப அசிங்கமா கீறனா?"

வீட்டில் யாரும் இதுவரை அவரிடம் நிஜத்தைச் சொன்னதில்லை. மணியம்மை முடிச்சை இறுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"அசிங்கம்லாம் இல்லண்ணா. காதுதான் கொஞ்சம் பெருசா தெரியுது."

"காதா?"

"ஆங். இத்தினி நாளா முடி மறைச்சிகினு இருந்துது."

அவர் இரண்டு காதையும் தடவிப் பார்த்தார். "எங்க நைனா காது," என்றார். "அவரு நடந்து வந்தா மொதல்ல காதுதான் வூட்டுக்குள்ள வரும்." சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உடம்பு குலுங்கி, முதுகு தறிக்காலில் இடித்து, இன்னொரு நூல் போனது.

"சிரிக்காதீங்கண்ணா, அறுந்துடும்," என்ற மணியம்மையும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கயல்விழிக்குப் போன் செய்து, சால்வை தாமதமாகும் என்றாள். காரணம் கேட்டபோது, சொந்தக்காரர் தலை ஒட்டிக்கொண்டதைச் சொல்ல வேண்டியதாயிற்று. கயல்விழியோ, மெதுவாகவே நெய்யுங்கள், அவர் தலைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டாள். மஞ்சள் பட்ட பகுதி முடியும்வரை நெய்து, தனியாக அறுத்தெடுத்துவிட்டு, மீதிப் பாவில் மணியம்மை சால்வையைத் தொடங்கினாள். அறுத்த துண்டில் மஞ்சள் புகை மாதிரி கலங்கித் தெரிந்தது. அதை வீராசாமி யாருக்கும் தராமல் தலையில் கட்டிக்கொண்டார்.

ஊருக்குப் போக மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. மொட்டைத் தலையோடு நகரி பஜாரில் நடக்க மாட்டேன், முடி வந்த பிறகுதான் வருவேன் என்றார். வசந்தி தனியாகப் பஸ் ஏறினாள். அவர் ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து நூற்கத் தொடங்கினார். குமரேசன் பாடுதான் திண்டாட்டம். வீட்டில் மாப்பிள்ளை இருக்கும்வரை தினம் விருந்து வைக்க வேண்டும், அவன் நாற்காலியும் அவருடையது. கடைசியில் முடி வளரும் தைலம் ஒன்றை அவனே வாங்கி வந்து, "தேச்சிக்குங்க பாவா, உடம்புக்குக் குளிர்ச்சி," என்று நீட்டினான்.

தைலமோ காலமோ, ஆவணி முடிவதற்குள் முடி எட்டிப் பார்த்தது. வீராசாமி ஒரு ராட்டையும் ஒரு மூட்டைக் கூடுகளும் வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார். ஒரு வாரம் போயிருக்கும். வசந்தியிடமிருந்து போன் வந்தது.

"இன்னா பண்ணி அனுப்பின அவர? கழனி பக்கமே போறதில்ல. ராட்டய சுத்திகினே கீறாரு."

"நூலு எப்பிடி வருது அண்ணி?"

வசந்தி யோசித்தாள். "மாடு கட்டலாம்," என்றாள்.