ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு

டென்மார்க்கின் துறைமுக ஊரான எல்ஸ்ஹவ்னின் நகரசபையில் இருபத்தைந்து உறுப்பினர்கள். அவர்களில் தமிழர் றொஷானி ஒருத்திதான். நாற்பத்து மூன்று வயது. காலையில் முதியவர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களைக் குளிக்க வார்த்து, மருந்து கொடுத்து, காலுறை மாட்டிவிடுவது அவளுடைய வேலை. மாதத்தில் இரண்டு பிற்பகல்கள் வேலை உடுப்பை மாற்றிக்கொண்டு நகரசபைக்குப் போவாள்.

அவளைத் தேர்தலில் நிற்கச் சொல்லி வற்புறுத்தியவர் லோரன்ஸ். மன்னாரில் இருந்து வந்து மீன் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்த மனிதர். அந்த நவம்பர் குளிரில் அவளோடு மாடி மாடியாக ஏறி இறங்கித் துண்டுப் பிரசுரம் கொடுத்தார். "எங்கடை ஆள் ஒண்டு உள்ளுக்கு இருக்கவேணும் தங்கச்சி. என்ன நடக்குதெண்டு எங்களுக்குத் தெரியவேணும்" என்று ஒவ்வொரு படியிலும் சொன்னார்.

அவள் உள்ளே போய் ஒரு வருடத்துக்குள் லோரன்ஸ் காட்ஸ் கிளப்புக்குப் போகத் தொடங்கிவிட்டார்.

துறைமுகத்தில் இருந்த பழைய ஐஸ் தொழிற்சாலைதான் காசு வைத்துச் சீட்டாடும் காட்ஸ் கிளப்பாக மாறியிருந்தது. அனுமதி கொடுத்தது அரசு, ஆனால் கட்டிடம் நகரசபையுடையது. மீன்பிடி படுத்துப்போய் எட்டு வருடம் புறாக்கள் குடியிருந்த இடத்தை ஒரு நிறுவனம் வாடகைக்கு எடுத்தபோது ஊரே கைதட்டியது. அந்த வாடகையில்தான் நீச்சல் தடாகம் மூடப்படாமல் இருந்தது. நூலகம் ஞாயிற்றுக்கிழமையும் திறந்தது. சங்கங்களுக்கு மண்டபம் இலவசமாகக் கிடைத்தது. தமிழ்ச் சங்கத்தின் ஞாயிறு வகுப்பும் அப்படியொரு மண்டபத்தில்தான் நடந்தது. மேயர் ப்ரெபென் எந்த மேடையில் ஏறினாலும் ஐஸ் தொழிற்சாலையைப் பற்றி ஒரு வசனமாவது சொல்லாமல் இறங்கமாட்டார்.

லோரன்ஸ் முதலில் வேலை முடிந்து ஒரு மணித்தியாலம் போனார். பிறகு பின்னேரம் முழுக்க. பிறகு வேலைக்கே போகாமல். மனைவி விக்ரோரியா ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அல்பர்ட்ஸ்லுண்டில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டாள். போகும்போது றொஷானியிடம் வந்து, "நீ நகரசபையிலை இருக்கிறாய் பிள்ளை, அந்தக் கதவை உன்னாலை பூட்டேலாதோ?" என்று கேட்டாள்.

பூட்டப்பட்டது வேறு கதவு. கிளப்புக்குப் பக்கத்துக் கட்டிடத்தில் நகரசபை ஓர் ஆலோசனை அறை நடத்திவந்தது. சூதாட்டத்தில் விழுந்தவர்கள் கிழமையில் இரண்டு நாள் போய்க் கதைக்கலாம். லோரன்ஸ் வெட்கத்தை விட்டு அங்கே போகத் தொடங்கி நான்காவது கிழமை, அறை மூடப்பட்டது. செலவுக் குறைப்பு என்றார்கள். இனி வைலே நகருக்குப் போகவேண்டும் என்று கதவில் ஒரு தாளை ஒட்டினார்கள். பஸ்ஸும் ரயிலுமாகப் போய்வர ஐந்து மணித்தியாலம். துறைமுகத்துக்கு நடக்க ஆறு நிமிடம். லோரன்ஸ் துறைமுகத்துக்கே நடந்தார்.

ஏப்ரல் மாதம் ஒப்பந்தத்தை இன்னும் பத்து வருடத்துக்குப் புதுப்பிக்கும் விடயம் மூடிய கூட்டத்துக்கு வந்தது. மூடிய கூட்டம் என்றால் பொதுமக்களும் இல்லை, பத்திரிகையும் இல்லை. கேட்டதை வெளியே சொன்னால் சட்டப்படி குற்றம். றொஷானி மத்தியான இடைவேளையில் காருக்குள் இருந்து பாண் சாப்பிட்டபடியே பத்திரங்களைக் கைபேசியில் வாசித்தாள். ஒன்பதாம் பிரிவில் அவளுடைய கை நின்றது.

'குத்தகைக் காலத்தில் நகரசபை தனது துறைமுகக் கட்டிடங்களில் சூதாட்டம் தொடர்பான ஆலோசனைச் சேவை எதையும் நடத்தாது.'

அது புதிய பிரிவும் அல்ல. இரண்டு வருடத்துக்கு முன் துறைமுகக் குழு பழைய ஒப்பந்தத்தில் செருகியது அப்படியே தொடர்கிறது என்று அடிக்குறிப்பு சொன்னது. திகதியைப் பார்த்தாள். ஆலோசனை அறை மூடப்படுவதற்கு ஒன்பது நாள் முந்திய திகதி.

கூட்டத்தில் அவள்தான் முதலில் கையை உயர்த்தினாள். "அந்த அறையை மூடியது செலவைக் குறைக்கவா, கிளப் கேட்டதற்காகவா?"

மேயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இரண்டும் ஒரே காலத்தில் பொருந்தி வந்தன. தங்கள் வாசலுக்கு அருகில் அப்படியொரு பலகை தொங்குவதை அவர்கள் விரும்பவில்லை. எந்த வியாபாரியும் விரும்பமாட்டான்."

"வாடகை கிளப்பின் வருமானத்தோடு ஏறும் என்று ஐந்தாம் பிரிவு சொல்கிறது. அப்படியென்றால் எங்கள் ஊர் ஆட்கள் தோற்கத் தோற்க எங்களுக்கு நல்லது, இல்லையா?"

"றொஷானி, நீச்சல் தடாகத்தை மூடுவதற்கு வாக்களிக்க நீ தயாரா? அதைச் சொல், பேசலாம்."

யாரோ மெல்லச் சிரித்தார்கள். மற்றவர்கள் தங்கள் கோப்பைகளைப் பார்த்தார்கள். இருபத்துநான்கு பேரும் அந்தப் பிரிவை வாசித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாசித்துவிட்டுத்தான் கோப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்கள். இறுதி வாக்கெடுப்பு அடுத்த மாதம் என்று சொல்லி மேயர் அடுத்த விடயத்துக்குப் போனார்.

வீட்டுக்கு வந்து கணவன் டானியலிடமும் சொல்ல முடியவில்லை. சட்டிகளை அடித்து அடித்துக் கழுவினாள்.

"என்னப்பா நடந்தது?" என்றான் டானியல்.

"சொல்லேலாது."

"அப்ப சட்டியை எண்டாலும் விடும். அது என்ன செய்தது உமக்கு?"

மூடிய கூட்டத்தின் கதையே வெளியே வரக்கூடாது. ஆனால் அவள் கேட்ட கேள்வி மட்டும் எப்படியோ வெளியே போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை தமிழ்ச் சங்கத் தலைவர் சிறீஸ்கந்தராசா ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்து சோபாவில் இருந்தார்.

"தங்கச்சி, நான் அரசியல் கதைக்க வரேல்லை. நீர் கிளப்புக்கு எதிரா நிக்கிறீர் எண்டு மேயரின்ரை ஆள் ஒருத்தர் சொன்னவர். மண்டபம் போச்செண்டால் எங்கடை பிள்ளையள் எங்கை போய் இருந்து படிக்கிறது?"

"லோரன்ஸ் அண்ணை எங்கை போறது?"

"அவர் தன்ரை காலாலை நடந்து போனவர். ஆரும் பிடிச்சு இழுத்துக்கொண்டு போய் இருத்தேல்லையே."

அவளுடைய நாக்கு நுனியில் ஒன்பதாம் பிரிவு வந்து நின்றது. பல்லைக் கடித்தாள். "அண்ணை, அந்த மண்டபத்துக் காசு ஆரின்ரை வீட்டிலை இருந்து வருதெண்டு ஒருக்கா யோசிச்சியளோ?"

"எல்லாக் காசும் எங்கையோ இருந்துதானே வருது."

"தேத்தண்ணி குடிச்சிட்டியளெண்டால் எழும்புங்கோ. எனக்கு வேலை கிடக்கு. மாம்பழத்தையும் கொண்டு போங்கோ."

சிறீஸ்கந்தராசா கோபிக்கவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "உமக்கு நவம்பரிலை திரும்பவும் தேர்தல் வருது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மே மாதக் கூட்டம். வழக்கம்போல முதல் அரை மணித்தியாலம் பொதுமக்களின் கேள்வி நேரம். வாசல் பக்கத்தில் லோரன்ஸ் இருப்பதை அவள் அப்போதுதான் கண்டாள். திருவிழாவுக்குப் போடும் சாம்பல் நிறக் கோட் போட்டிருந்தார். உடம்பு மெலிந்து கோட் தொங்கியது. ஒலிவாங்கிக்கு முன்னால் போய் ஒரு தாளை விரித்து, மெதுவான டெனிஷில் வாசித்தார்.

"என் பெயர் லோரன்ஸ். இருபத்தெட்டு வருடம் இந்த ஊரில் மீன் வெட்டி வரி கட்டினேன். நான் சூதாடுகிறவன். துறைமுகத்தில் ஓர் ஆலோசனை அறை இருந்தது. நான் நான்கு தடவை போனேன். அந்த நான்கு கிழமையும் கிளப்புக்குள் கால் வைக்கவில்லை. ஐந்தாம் தடவை போனபோது பூட்டியிருந்தது. ஏன் பூட்டினீர்கள்?"

மேயர் முன்னால் சாய்ந்து, கைகளைக் கோர்த்து, மிகவும் அன்பான குரலில் பேசினார். "இப்படி வெளிப்படையாகப் பேச மிகுந்த தைரியம் வேண்டும், லோரன்ஸ். நன்றி. எங்களுக்கும் அது கவலையான முடிவு. ஆனால் அங்கே வந்தவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் மூட வேண்டி வந்தது. வேறு காரணம் இல்லை."

லோரன்ஸ் தாளை மடித்தார். தலையை ஆட்டினார். "விளங்குகிறது" என்றார். "நான் இன்னும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். மன்னிக்கவும்."

அந்த மன்னிப்பைக் கேட்டதும் றொஷானி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"மேயர் பொய் சொல்கிறார்."

"கேள்வி நேரத்தில் உறுப்பினர்களுக்குப் பேச அனுமதி இல்லை."

"அவர் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறார்! உங்களிடம்! ஒப்பந்தத்தில் ஒன்பதாம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. துறைமுகத்தில் ஆலோசனை நடத்த மாட்டோம் என்று கிளப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். எழுதிக் கொடுத்து ஒன்பதாம் நாள் அறையைப் பூட்டினோம். இங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் அது தெரியும்."

மேயர் ஒரு பொத்தானை அழுத்த ஒலிவாங்கி செத்தது. அவளுக்கு அது தேவைப்படவில்லை. காது கேட்காத முதியவர்களோடு பதினாறு வருடம் கதைத்துப் பழகிய தொண்டை.

"இந்த மனிதர் தோற்ற ஒவ்வொரு தடவையும் எங்களுக்குப் பங்கு வந்தது. அதை எடுத்து நீச்சல் தடாகத்துக்குச் சூடு போட்டோம். தமிழ்ப் பிள்ளைகளுக்கு மண்டபம் கொடுத்தோம். என் சொந்தச் சனமும் வாங்கியது. வாங்கிவிட்டு, அவன் தன் காலால்தானே போனான் என்கிறோம். அவர் இன்னொரு கதவுக்கும் தன் காலால்தான் போனார். அதை யார் பூட்டியது?"

"நீ சட்டத்தை மீறுகிறாய், றொஷானி."

"ஓம்," என்றாள் தமிழில். பிறகு டெனிஷில், "எழுதிக்கொள்ளுங்கள்" என்றாள்.

பின்வரிசையில் இருந்த உள்ளூர்ப் பத்திரிகைப் பெண் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்றைய வாக்கெடுப்பு தள்ளிவைக்கப்பட்டது. இரண்டு நாள் பத்திரிகை நிறைய இதே கதை. மூன்றாம் நாள் காட்ஸ் கிளப் நிறுவனத்திடமிருந்து மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. ஒன்பதாம் பிரிவை நீக்கத் தங்களுக்கு ஆட்சேபனை இல்லையாம். றொஷானி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். மூன்று வரி! யாராவது ஒருவர் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். இரண்டு வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. அவளும் பழைய பத்திரங்களைத் தேடி வாசிக்கவில்லை. அந்தக் கோபத்தை அவள் யார்மேலும் போடமுடியாமல் தன்மேலேயே வைத்துக்கொண்டாள்.

ஜூன் மாதம் ஒன்பதாம் பிரிவு இல்லாமல் ஒப்பந்தம் பத்து வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. பதினேழு கைகள் உயர்ந்தன. எதிர்த்தது எட்டு. வாடகை முன்போலவே வருமானத்தோடு ஏறும்.

இரகசியத்தை மீறியதாக நகரசபை அவள்மேல் பொலிசில் முறைப்பாடு செய்தது. ரண்டர்ஸ் பொலிஸ் நிலையத்தில் ஓர் இளம் அதிகாரி, வருத்தப்படுகிறீர்களா என்று கேட்டாள்.

"ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு வருத்தப்படுகிறேன்" என்றாள் றொஷானி. அதிகாரி அதை அப்படியே தட்டச்சு செய்தாள். தண்டம் வந்தது. கட்டினாள். நவம்பர் தேர்தலில் அவளுடைய பெயர் பட்டியலில் இராது என்று கட்சி தொலைபேசியில் அறிவித்தது. சங்கத்தின் கோடை ஒன்றுகூடலுக்கு அந்த வருடம் அவளுக்கு அழைப்பு வரவில்லை. ஆனால் சிறீஸ்கந்தராசாவின் மனைவி சரோஜினிதேவி மட்டும் கடைத்தெருவில் கண்டு, அவளுடைய கையை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனாள்.

செப்டெம்பரில் ஆலோசனை அறை திரும்பவும் திறக்கப்பட்டது, துறைமுகத்தில் அதே கட்டிடத்தில். றொஷானி வேலை உடுப்போடு அங்கே போனபோது வாசலில் சிவப்பு நாடா கட்டியிருந்தது. மேயர் கத்தரிக்கோலோடு நின்றார். "இந்த நகரம் தன் மக்களைக் கைவிடுவதில்லை" என்று படக்காரருக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கையை நீட்டினார்.

"வா, றொஷானி, நீயும் படத்தில் நில். கடைசியில் இருவருக்கும் வேண்டியது கிடைத்துவிட்டதே."

"எனக்கு வேண்டியது என்ன என்று உங்களுக்குத் தெரியுமா?" அவளுடைய குரல் கூடிநின்ற அத்தனை பேரையும் திரும்ப வைத்தது. "இரண்டு வருடத்துக்கு முன் இந்தக் கதவில் பூட்டுப் போட்டதும் இதே கைதான். அன்றைக்கு ஏன் படக்காரரைக் கூப்பிடவில்லை? அன்றைக்கு ஏன் நாடா கட்டவில்லை?"

மேயரின் சிரிப்பு அப்படியே இருந்தது, கத்தரிக்கோல் மட்டும் கீழே இறங்கியது. படக்காரர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றார்.

லோரன்ஸ் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். பொறுமையாக ஒரு நிமிடம் கேட்டார். பிறகு அவளுடைய தோளில் மெல்லத் தட்டினார்.

"நீர் ஏசுறதை ஏசிப்போட்டு வாரும் தங்கச்சி. எனக்குப் பத்து மணிக்கு நேரம் தந்திருக்கினம். நான் உள்ளுக்குப் போறன்."

நாடா இன்னும் வெட்டப்படவில்லை. அவர் குனிந்து அதன் கீழால் நுழைந்து உள்ளே போனார். றொஷானி மேயரின் பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.