கடைசி வரியில் எழுதிய பெயர்

பிரீனா வேலை தேடுகிறவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே வேலை இல்லை. இதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் அவள் போகிற சர்ச் சபையில் குறைவு. முகத்துக்கு நேரே சிரித்தவர்களைப் பற்றி அவளுக்குக் கவலை இருக்கவில்லை. சிரிக்காமல் முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்து குறிப்பெடுத்தவளைத்தான் அவள் கொஞ்சம் கவனித்திருக்க வேண்டும். அந்தப் புத்தி யாருக்குத்தான் வேளையோடு வருகிறது.

குலசேகரம் போகிற வழியில் இருந்த ஒரு முந்திரி ஏற்றுமதிக் கம்பெனியை அதன் முதலாளி போன ஆகஸ்டில் மூடினார். கப்பலில் போகும் சரக்குக்குக் காகிதங்கள் தயார் செய்யும் பிரிவுக்கு பிரீனா தலைவி. அவளுக்குக் கீழே ஆறு வருடம் வேலை பார்த்தவள் ஜெப்சி. இரண்டு பேருக்கும் ஒரே ஊர், ஒரே சபை. ஒரே நாளில் மேசையைக் காலி செய்து ஒரே பஸ்ஸில் திரும்பினார்கள். வழியெல்லாம் ஜெப்சி அழுதாள். பிரீனா அழவில்லை, அழுகிறவளின் பையையும் சேர்த்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வகுப்பு நடத்தச் சொன்னவர் போதகர். படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர், நீ ஆள் எடுத்தும் பழகினவள், ஏதாவது சொல்லிக்கொடு என்றார். சனிக்கிழமை மூன்று மணிக்கு, ஞாயிறு பள்ளி அறையில். முதல் வாரம் நாலு பேர் வந்தார்கள். கிறிஸ்துமஸுக்குள் பதினேழு பேர் ஆனார்கள்.

பிரீனா கறாரானவள். பயோடேட்டாவில் இருந்த அப்பா பெயர், ரத்த வகை, பொழுதுபோக்கு எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் அடித்தாள். கல்யாண வீட்டுப் படத்தில் தலையை மட்டும் வெட்டி ஒட்டியிருந்த ஒரு பையனிடம், ஓரத்தில் தெரிகிற பட்டுச்சேலைத் தோள் யாருடையது என்று விசாரித்தாள். தெரியாத நம்பரிலிருந்து ஃபோன் வந்தால் "ஆரு" என்று அதட்டக் கூடாது. ஒரு இடத்தில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டால் மூலையில் உட்காராமல், கூப்பிட்டு, என்ன குறை என்று பணிவாகக் கேட்க வேண்டும். அவர்களுடைய வாட்ஸப் குழுவுக்கு ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள். எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் குழுவில் போட்டுவிட வேண்டும், தனக்கென்று ஒளித்து வைக்கக் கூடாது.

"கடைசி வரியில நம்மள அறிஞ்ச ஒரு ஆளுக்க பேரும் நம்பரும் எழுதணும்," என்றாள் ஒரு சனிக்கிழமை. "ரெஃபரன்ஸ்ணு சொல்லுவாவ. அது சும்மா அலங்காரம் இல்ல, கேட்டியளா. கம்பெனிக்காரன் அந்த ஆளை விளிச்சுக் கேப்பான். நாம ஒரு மணிக்கூறு பேசினதுக்கு மேல, அவிய ரெண்டு நிமிசம் பேசுகதுதான் நிக்கும். யோசிச்சு எழுதுங்க."

அவள் யோசித்துத்தான் எழுதியிருந்தாள். பழைய முதலாளி கொல்லத்துக்குப் போனபிறகு யார் ஃபோனையும் எடுப்பதில்லை. அதனால் ஜெப்சியின் தாளில் கடைசி வரி பிரீனா. பிரீனாவின் தாளில் கடைசி வரி ஜெப்சி.

இன்னொரு சனிக்கிழமை கல்யாணமான பெண்களுக்கென்று ஒரு பாடம் எடுத்தாள். இந்த ஜில்லாவில் பாதி வீட்டில் ஒரு ஆள் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அதனால் இன்டர்வியூவில் ஒரு கேள்வி தப்பாமல் வரும்.

"மாப்பிள்ள கல்ஃப்லயா, நீங்களும் கூடப் போயிருவியளாண்ணு கேப்பான். ரெண்டு மாசத்துல போற ஆளுக்கு எதுக்கு வேலை சொல்லிக் குடுக்கணும்ணு அவனுக்குப் பயம். உள்ளுக்குள்ள ஆயிரம் இருக்கட்டு, அந்த அறையில போகல்லண்ணுதான் சொல்லணும். போறேங்கிற ஒத்தச் சொல்லு போதும், கையில வந்த வேலை போறதுக்கு."

ஜெப்சி அதையும் நோட்டில் எழுதினாள்.

"ஏட்டி, ஒனக்கு மாப்பிள்ளையே இன்னும் பாக்கல்ல. ஒனக்கு எதுக்கு இது?" என்றாள் பிரீனா.

"எப்பமாவது உதவும்லா அக்கா," என்றாள் ஜெப்சி. அறையே சிரித்தது. பிரீனாவும் சிரித்தாள்.

சிரித்தாளே தவிர, அந்தக் கேள்வி அவள் வீட்டிலேயே இருந்தது. கணவன் லிஜோ மஸ்கட்டில் இருந்தான். அவன் கம்பெனியில் சம்பளத்தைப் பாதியாக்கிவிட்டார்கள். நீயும் வா, இங்கே ஒரு ஆஸ்பத்திரி அலுவலகத்தில் உனக்கு வேலை பேசியிருக்கிறேன், இரண்டு பேரும் சம்பாதித்தால் கரையேறலாம் என்று வாரம் ஒருமுறை சொன்னான். குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக அந்தச் சம்பளம் காணாது. நாலு வயது அஜிஷாவை, அஞ்சுகிராமத்தில் இருக்கிற லிஜோவின் அக்கா நேசபாய் வீட்டில் விட வேண்டும். பிரீனா ஒவ்வொரு முறையும் பார்க்கலாம் என்று சொல்லி ஃபோனை வைத்தாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஊரில் ஒரு வேலை கிடைத்தால் போக வேண்டாம் என்று லிஜோ ஒத்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரலில் கிடைக்கிற மாதிரி இருந்தது. மார்த்தாண்டத்துக்கு இந்தப் பக்கம் புதிதாக வந்த ரப்பர் கையுறைக் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவுக்கு ஒரே ஒரு ஆள் தேவை. செய்தியைப் பார்த்ததும் பிரீனா விண்ணப்பித்தாள். அடுத்த பத்து நிமிடத்தில் குழுவிலும் போட்டாள், சட்டம் போட்டவள் அவள்தானே. இரண்டு சுற்று இன்டர்வியூ முடிந்தது. முடிவை ஒரு வாரத்தில் சொல்கிறோம், அதற்கு முன்னால் உங்கள் ரெஃபரன்ஸிடம் ஒரு வார்த்தை பேசுவோம் என்றார்கள்.

ஈஸ்டர் ஆராதனை முடிந்து ரப்பர் தோட்டம் வழியாக நடந்து வரும்போது பிரீனா ஜெப்சியிடம் மனதைத் திறந்தாள்.

"ஒன்ன விளிப்பாவ. உள்ளத உள்ளபடி சொல்லு, போதும். இது கிடைக்கல்லண்ணா எனக்க பிள்ளைய விட்டுட்டு மஸ்கட் போணும் ஜெப்சி. ஆருட்டயும் சொல்லல்ல, ஒனக்கிட்டதான் சொல்லுகேன்."

ஜெப்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கிடைக்கும் அக்கா. நான் ஜெபிக்கேன்."

"நீயும் விண்ணப்பம் போட்டிருக்கலாம்லா?"

"நீங்க போற எடத்துக்கு நான் வருவனா அக்கா," என்றாள் ஜெப்சி.

ஒரு வாரம் போனது, இரண்டாவது வாரமும் போனது. அப்புறம் மின்னஞ்சல் வந்தது, வருந்துகிறோம் என்று. கூப்பிட்டு என்ன குறை என்று கேள் என்று பதினேழு பேருக்குச் சொல்லிக்கொடுத்தவள், அந்த நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தாள். கேட்கத் தைரியம் வரவில்லை. தன்னிடம் என்னவோ குறை இருக்கிறது, அதைக் காதால் வேறு கேட்க வேண்டுமா என்று இருந்தது. நாலாம் நாள் லிஜோவிடம் சரி என்றாள். மே மாதக் கடைசியில் விசா வந்தது. ஜூன் பதினாலாம் தேதிக்கு டிக்கெட். அஜிஷாவை அஞ்சுகிராமத்தில் பள்ளியில் சேர்த்தார்கள்.

ஜூன் முதல் ஞாயிறு ஆராதனையில் சபைச் செயலர் யேசுதாசன் வழக்கம்போல அறிவிப்புகளை வாசித்தார். யார் வீட்டில் ஜெபக்கூட்டம், யாருக்கு யாரோடு கல்யாணம் என்கிற திருமண ஓலை எல்லாம் வாசித்துவிட்டு, ஸ்தோத்திரக் காணிக்கைக்கு வந்தார். யார் எந்த நன்மைக்காகக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லித்தான் வாசிப்பார்கள்.

"எலிசா அம்மாள், தமது மகள் ஜெப்சிக்குக் கையுறைக் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை கிடைத்ததற்காக," என்றார்.

எலிசா பாவம். மகள் ஒளித்து வைத்திருப்பது அந்தத் தாய்க்குத் தெரியாது. நன்மை கிடைத்தால் நன்றி சொல்ல வேண்டும் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். பிரீனா பாடகர் குழுவைப் பார்த்தாள். ஜெப்சி பாட்டுப் புத்தகத்திலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

வெளியே வாசலில் பிரீனா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"நானே சொல்லணும்ணு இருந்தேன் அக்கா," என்றாள் ஜெப்சி. "உங்களுக்கு இல்லண்ணு மெயில் வந்த பெறவுதான் நான் போட்டேன். உங்களுக்கு விசனமா இருக்கும்ணு பேசாம இருந்துட்டேன்."

"எனக்கிட்ட சொல்லியிருக்கலாம் மக்கா."

"தப்புதான் அக்கா."

பிரீனா நம்பினாள். நம்பாமல் என்ன செய்ய, ஊரைவிட்டுப் போகப் போகிற நேரத்தில் ஆறு வருடத்து உறவைத் தூக்கிப் போட அவளுக்கு மனமில்லை. தனக்குக் கிடைக்காதது யாருக்கோ போவதற்குப் பதில் ஜெப்சிக்குப் போகட்டும் என்று தேற்றிக்கொண்டாள். அங்கேயே நின்று, முதல் நாள் வேலையில் என்னென்ன கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஐந்து நிமிடம் புத்தியும் சொன்னாள். ஜெப்சி தலையாட்டிக் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஃபோன் வந்தது. பிரீனா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அஜிஷாவின் உடுப்புகள் தனியாக ஒரு சின்னப் பையில் இருந்தன.

"வணக்கம் மேடம், கையுறைக் கம்பெனியிலேருந்து பேசறேன். ஜெப்சிங்கிறவங்க உங்க பேரை ரெஃபரன்ஸா குடுத்திருக்காங்க. சேர்றதுக்கு முன்னால ஒரு சரிபார்ப்பு." தாள் புரளும் சத்தம் கேட்டது. "ஒரு நிமிஷம், நீங்க எங்ககிட்ட இன்டர்வியூவுக்கு வந்த பிரீனா மேடமா?"

"ஆமா."

"நீங்கதான் மேடம் எங்க லிஸ்ட்ல முதல் ஆள். இன்னும் எங்களுக்கு வருத்தம்தான்."

பிரீனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஒரு மாதத்துக்கு முன்னால் வராத தைரியம் இப்போது தானாக வந்தது. "அப்போ எனக்கிட்ட என்ன குறைண்ணு தெரிஞ்சா நல்லாருக்கும் மேடம்," என்றாள், வகுப்பில் சொல்லிக்கொடுத்த அதே பணிவோடு.

"குறை ஒண்ணும் இல்ல. உங்க ரெஃபரன்ஸ்ல பேசினப்ப உங்களைப் பத்தி ரொம்ப நல்லாத்தான் சொல்லியிருக்காங்க. மஸ்கட்டுக்கு விசா ரெடி, ஜூன்ல கிளம்பிடுவாங்கன்னும் சொல்லியிருக்காங்க. எங்களுக்கு நிலைச்சு நிக்கிற ஆள் வேணுமே மேடம்."

"எந்தத் தேதியில சொன்னாவ?"

"ஏப்ரல் இருபத்தி ரெண்டு."

ஈஸ்டருக்கு அடுத்த செவ்வாய். ரப்பர் தோட்டத்தில் கையைப் பிடித்து ஜெபிக்கேன் என்று சொல்லி இரண்டே நாள். அன்றைக்கு விசாவும் இல்லை, டிக்கெட்டும் இல்லை, லிஜோவுக்கு அவள் சரி என்று சொல்லவும் இல்லை.

"ஜெப்சி எப்பம் விண்ணப்பம் போட்டா மேடம்?"

"இருபத்தி மூணு."

பிரீனா கட்டிலில் உட்கார்ந்தாள். மனது கொதித்தது. நோட்டில் எழுதிக்கொண்ட அந்தக் கை கண் முன்னால் வந்தது. எப்பமாவது உதவும் என்றாளே. பாடம் சொல்லிக் கொடுத்தது நான், ரகசியத்தைச் சொன்னது நான், பெயரையும் நம்பரையும் கடைசி வரியில் எழுதிக் கொடுத்ததும் நான் என்று நினைத்தபோது, ஜெப்சி மேல் வந்த கோபத்தில் பாதி தன் மேலேயே திரும்பியது.

"எனக்க தாள்ல கடைசி வரியில ஆரு நம்பர் இருக்குண்ணு ஒருக்கா பாருங்க," என்றாள்.

மறுபடியும் தாள் புரண்டது. ஜெப்சியின் பெயரை அந்தப் பெண் மெல்ல வாசிப்பது கேட்டது.

"அப்போ பேசினது வேற ஸ்டாஃப் மேடம், இதை யாரும் சேர்த்துப் பாக்கல," என்றாள் அந்தப் பெண், குரலைத் தாழ்த்தி. "அப்ப நீங்க மஸ்கட் போகலையா?"

பிரீனா பெட்டியைப் பார்த்தாள். பாஸ்போர்ட் மேலே இருந்தது. அஞ்சுகிராமத்தில் சீருடைக்கு அளவு கொடுத்தாகிவிட்டது.

"போறேன். பதினாலாம் தேதி."

"இந்த ஜூனா?"

"இந்த ஜூன்தான்."

அந்தப் பெண் பெருமூச்சு விட்டது கேட்டது. தலைவலி ஒன்று தானாகவே தீர்ந்த நிம்மதி அதில் இருந்தது. "அப்படின்னா அவங்க சொன்னது சரிதானே மேடம்."

அப்போது பொய், அவள் சொன்னதால்தான் இப்போது நிஜம் என்று சொல்ல பிரீனாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் ஜெப்சியின் வேலை போகலாம். போனால் அது பிரீனாவுக்கு வருமா, வேறு யாருக்கோ போகும். டிக்கெட்டும் சீருடையும் அப்படியேதான் இருக்கும். எலிசா அடுத்த ஞாயிறு சபையில் முகத்தை எங்கே வைப்பாள் என்றும் ஒரு நினைப்பு ஓடியது. இத்தனைக்கும் நடுவில் அந்த நினைப்பு வந்ததே என்று அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது.

"படிவத்துல ரெண்டே கேள்விதான்," என்றாள் அந்தப் பெண். "வேலையில எப்படி?"

"கெட்டிக்காரி. நான் சொல்லிக் குடுத்தது ஒண்ணு விடாம படிச்சிட்டா."

"நம்பகமானவங்களா?"

பிரீனா திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் அஜிஷா சின்னப் பையின் ஜிப்பைத் திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தாள்.

"அவ சொன்னது அச்சு பிசகாம நடந்திருக்கு மேடம். அப்படி எழுதிக்கிடுங்க," என்றாள் பிரீனா.

ஃபோனை வைத்தாள். குழந்தையின் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கு பஸ்ஸில் அழாதவள், இன்றைக்கு அழுதாள்.