அப்பாவுக்கு ஒரு பிடி வண்டல்

அப்பாவை நீலகிரி மலையில், நடுவட்டத்தில் புதைத்தோம். காவிரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் பிறந்து, மலைக்கு வரும்வரை அங்கேயே மீன் பிடித்த மனிதருக்குத் தேயிலைச் சரிவில் குழி.

ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று யாரும் வாய் திறக்கவில்லை. அங்கே கல்லறைத் தோட்டமே இல்லை. ஆறு மண் கொண்டுவந்து கொட்டியவரை கடல் எட்டியே நின்றது. பிறகு மேலே அணைகள் வண்டலைப் பிடித்துவைத்துக்கொண்டன. வழியில் கிடந்த மணலை லாரி லாரியாக அள்ளி விற்றார்கள். கடல் கரையைத் தின்றது. போன ஐப்பசிப் புயலில் அம்மாவின் கல்லறையையும் தின்றது. அதன் பிறகுதான் அப்பா எங்களோடு மலைக்கு வந்தார்.

குழியோரம் குவிந்திருந்த மண் கறுப்பாக, மாவுபோல இருந்தது. இந்தச் சரிவில் செம்மண்தானே உண்டு?

"இது ஏது மண்ணுங்க?" என்று கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ஜெஃப்ரியிடம் கேட்டேன்.

"அணையில தூர் வாருன வண்டலுங்க, கெஸியாக்கா. பள்ளத்த நெரவ நம்ம அம்புரோஸ் அண்ணந்தான் லாரில கொண்டாந்து கொட்டுனாரு. ஆத்தோட போயிருந்தா வீணாத்தானே போயிருக்கும்?"

அம்புரோஸ் என் கணவர். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒரு பிடி மண்ணு போடுங்கக்கா" என்றான் ஜெஃப்ரி.

இரண்டு கையாலும் அள்ளினேன்.

"வீணாப் போயிருக்காது, ஜெஃப்ரி. இந்த மலைத்தண்ணியும் காவிரிக்குத்தான போகுது? எங்க ஊருக்கு வந்திருக்கும். மண்ணு கீழ வரல, அதான் அப்பா மேல வந்துட்டாரு. போடுங்க, எல்லாரும் நல்லா அள்ளிப் போடுங்க."