தண்ணிச் செலவு

சம்பந்தம் பேசிக்கொண்டு வந்த கமலாம்பிகை அன்ரி போனில் சொன்னதைக் கேட்டு நான் முதலில் சிரித்துவிட்டேன். "பிள்ளையில ஒரு குறையும் இல்லையாம். தமையன்தான் நல்ல தண்ணியாம். அதால மாப்பிள்ளை வீட்டுக்காரர் யோசிக்கினம்" என்றார். தமையன் என்றால் என்னுடைய கணவர் கோணேஸ்வரன். கலியாண வீடுகளில் மற்ற ஆண்கள் கார் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு கிளாசும் கையுமாக நிற்க, கேக் துண்டோடு என் பக்கத்தில் வந்து உட்காருகிற மனுசன். அவரைக் குடிகாரன் என்று சொல்ல யாருக்கு நாக்கு வளைந்ததோ தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியபின்தான் ராஜியின் நினைவு வந்தது. சம்பந்தம் பேசி வந்தது அவளுக்கு. இராஜேஸ்வரி என் கணவரின் ஒரே தங்கை, முப்பது கடந்துவிட்டது, மோர்னிங்சைட் வீட்டில் எங்களோடுதான் இருக்கிறாள். முன்பு வந்த சம்பந்தங்கள் சாதகத்தில் தட்டிப்போயின. அவற்றுக்காக அவள் ஒரு நேரச் சோற்றைக்கூடத் தள்ளி வைத்ததில்லை. ஆனால் இந்த முறை பேசி வந்த மாப்பிள்ளை வாகீசனை அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டு தரம் நேரில் கண்டு, பிறகு போனில் கதைத்து, வெங்காயம் வெட்டும்போது தனக்குள்ளே சிரிக்கிற அளவுக்கு வந்திருந்தாள். அன்ரி சொன்னதை நான் மெல்லச் சொன்னபோது, "பறவாயில்லை மச்சாள்" என்றாள். பிறகு கழுவிக் கவிழ்த்து வைத்த சட்டியை எடுத்து மறுபடி கழுவினாள். என்னால் அவளைப் பார்க்கவே முடியவில்லை.

எங்கள் வீட்டுக்கு வராதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஹோலில் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு மீன்தொட்டி நிற்கிறது. நல்ல தண்ணி மீன் இல்லை, கடல் மீன். என் கணவர் மாலையில் துப்புரவு வேலைக்குப் போகிற கிளினிக்கில் றொபேட் என்ற பல் டொக்டர் ஓய்வு பெற்றபோது, சும்மா கொண்டுபோ என்று கொடுத்தது. சும்மா வந்ததைப் போல செலவு வைக்கிற சாமான் இந்த உலகத்தில் இல்லை. கடல் மீனுக்குக் கறி உப்பைக் கரைத்து ஊற்ற முடியாது. அதற்கென்று ஒரு உப்பு வாளியில் வரும். அதன் விலைக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு மாத மரக்கறி வாங்கலாம். அந்த உப்பைக் கரைத்து, தொட்டியில் இருக்கிற தண்ணீரில் ஒரு பங்கை வெளியே எடுத்து, புதிதை விட வேண்டும். எடுக்காவிட்டால் மீன்கள் தங்கள் அழுக்கிலேயே செத்துப்போகும்.

தொடக்கத்தில் நான் சண்டை பிடித்தேன். பிறகு, விற்க மாட்டார் என்று தெரிந்ததும், செலவைக் குறைக்கிற வேலையில் நானும் இறங்கினேன். மலிவு விற்பனை வந்தால் உப்பை மொத்தமாக வாங்கினோம். மாதத்துக்கொரு தரம் நிறைய மாற்றுவதை விட்டு, கிழமைக்குக் கிழமை கொஞ்சமாக மாற்றினோம். தொட்டிக்காகக் குழாய்த் தண்ணீரை வடிகட்டும்போது கழிவாகப் போகிற தண்ணீரைப் பிடித்து நான் உடுப்புத் தோய்த்தேன். வெறும் உப்பு வாளிகளில் அரிசி போட்டு மூடினேன், இனசனத்துக்கும் கொடுத்தேன். இந்தக் கணக்குவழக்கு முழுவதற்கும் எங்கள் வீட்டில் பெயர் தண்ணிச் செலவு. உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும். எங்களுக்கு அன்று விளங்கவில்லை, அதுதான் வெட்கம்.

அடுத்த ஞாயிறு காலை, ஒரு போன்கூட எடுக்காமல், வாகீசனின் தாய்மாமன் சண்முகநாதன் வந்து கதவைத் தட்டினார். கோட்டும் டையும். ஹோல் நிறைய வாளியும் ஈரம் துடைக்கிற பழைய துவாயும் குழாயும் கிடந்ததால் நான் அவரை வாசலால் நேரே சமையலறைக்குள் கூட்டிப்போய் இருத்தினேன். என் கணவர் பேஸ்மென்டில் உப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தவர், இடுப்பில் நனைந்த சாரத்தோடு, சவரம் செய்யாத முகத்தோடு, உப்புப் பட்ட கண் சிவந்து, படியில் வழுக்கிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். சண்முகநாதன் அவரைக் காலில் இருந்து தலைவரை பார்த்தார்.

"கோணேஸ், நேர கேக்கிறன், குறை நினையாதையும். தண்ணிக்கு மாதம் எவ்வளவு போகுது?"

"அறுவது டொலர் போகும் அண்ணை. முந்தி நூறுக்கு மேல. இப்ப குறைச்சுக்கொண்டு வாறன்."

"முழுசா விடேலாதோ?"

"விட்டா உயிர் போயிடும் அண்ணை."

சண்முகநாதன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவ்வளவு பரிதாபம். "ஒவ்வொரு நாளுமோ?" என்றார்.

"சீச்சீ, ஞாயிற்றுக்கிழமையில மட்டும்தான். தனியச் செய்யேலாது. ராஜியும் கூடமாட நிப்பாள்."

"அந்தப் பிள்ளையுமோ?" என்று அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் ஏறியது. சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு, "அண்ணை, ஒருக்கா இஞ்சால வாங்கோ" என்று ஹோலுக்குக் கூட்டிப்போனேன். ராஜி ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, தோள்வரை கையைத் தொட்டிக்குள் விட்டுக் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். ஒரு மஞ்சள் மீன் அவள் விரலைச் சுற்றி வந்தது. சண்முகநாதன் வாளிகளைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார், மீனைப் பார்த்தார்.

"நவரட்ணத்தின்ர மரக்கறிக் கடையில, தண்ணிச் செலவு சமாளிக்கேலாமக் கிடக்கு எண்டு நீர் சொன்னதை எங்கட ஆக்கள் நிண்டு கேட்டவை" என்றார் மெதுவாக. பிறகு, "குடி எண்டால் ஆருக்கும் விளங்கும் கோணேஸ். மீனுக்கு அறுவது டொலர் எண்டு நான் எப்பிடிப் போய்ச் சொல்லுறது?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் விளையாட்டாகச் சொன்னாரா, உண்மையாகவா என்று எனக்குத் தெரியவில்லை. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, "வேணுமெண்டால் வித்துப்போடுறன் அண்ணை" என்றார். ஏழு வருடமாக நான் கேட்டுக் கிடைக்காத வார்த்தை. கேட்டதும் எனக்குச் சந்தோசமே வரவில்லை.

ராஜி கையை வெளியே எடுக்காமலே திரும்பினாள். "விக்கத் தேவையில்லை அங்கிள். பாதிக் காசு நான் குடுக்கிறனான். கலியாணம் கட்டினாலும் குடுப்பன். அவரிட்டச் சொல்லுங்கோ."

சண்முகநாதன் டையைத் தளர்த்தினார். "நீரே சொல்லும் பிள்ளை. வீடு ஒரு மாதிரி எண்டால் இறங்க வேண்டாமெண்டு வாகீசனைக் காருக்குள்ள இருத்திப்போட்டு வந்தனான்" என்றார்.

வாளிகளைக் கடந்து யன்னலடிக்குப் போய்த் திரைச்சீலையை விலக்கினார். தெருவோரம் ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது. பின்னால் வெள்ளைப் புகை விட்டுவிட்டு எழும்பியது. அவர் யன்னல் கண்ணாடியைத் தட்டி, வரச்சொல்லிக் கையைக் காட்டினார். ராஜி தொட்டியில் இருந்து கையை எடுத்தாள், ஆனால் ஸ்டூலில் இருந்து இறங்கவில்லை, கையைத் துடைக்கவும் இல்லை. முழங்கையில் இருந்து உப்புத் தண்ணீர் துவாயில் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே கார் எஞ்சின் அணைந்து, அந்தப் புகை நின்றது.