உரக்குழிக்குக் கிடைத்த கேடயம்

பள்ளிக்கூடத்துச் சமையலறை என் பொறுப்பு. பின்பக்கத் தோட்டமும் அதன் மூலையில் இருக்கும் உரக்குழியும் என் வீட்டுக்காரர் பொறுப்பு. காலையில் ஒன்றாக வருவோம், சாயங்காலம் ஒன்றாகப் போவோம். நடுவில் அவர் பக்கம் நான் எட்டிப் பார்ப்பதில்லை. அடுப்படியில் நிற்கிறவளுக்குக் குழியில் என்ன வேலை?

என் சமையலைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஒளிப்பானேன்? பிள்ளைகள் தட்டோடு வரிசையில் வரும்போது கரண்டி நிறைய அள்ளிப் போடுவேன். ஒரு பிள்ளைகூட அரை வயிற்றோடு எழுந்து போகக் கூடாது. வீட்டில் அவருக்குப் பரிமாறிவிட்டு, "எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்பேன். "நல்லாருக்கு" என்பார். அந்த ஒரு சொல்லில் அன்றைய அலுப்பெல்லாம் போய்விடும்.

போன மாதம் சிறந்த பள்ளி உரக்குழி என்று அவருக்குப் பரிசு கிடைத்தது. கேடயத்தை நீட்டிய அதிகாரி, "இவ்வளவு பெரிய குழியை நான் எந்தப் பள்ளியிலும் பார்த்ததில்லை. தினமும் வாளி வாளியாகச் சாப்பாடு வருகிறதாம். அத்தனையையும் உரமாக்கிவிடுகிறார்" என்றார். கூடமே அதிரக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே சுரீரென்று உறைத்தது. வாளி வாளியாகப் போவது யார் சமைத்த சாப்பாடு?

கை அப்படியே நின்றுவிட்டது. "உங்களுக்கும் பெருமைதானே!" என்று தலைமை ஆசிரியை என் தோளைத் தட்டினார். பெருமையாவது! எனக்குக் காது மடல்வரை எரிந்தது.

விழா முடிந்ததும் நேராகக் குழிக்குப் போனேன். மேலே பரப்பியிருந்த சருகை மண்வெட்டியால் ஒதுக்கினேன். சூடாக ஆவி வந்தது. முந்தின நாள் பொடிப்பொடியாக நான் நறுக்கிய கேரட்டும் பீன்ஸும், நிறம்கூட மாறாமல் சோற்றோடு கலந்து கிடந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் பின்னால் வந்து நின்றார்.

"எத்தனை வருஷமா இப்படி வருது?" என்றேன்.

"நீ வேலைக்குச் சேர்ந்ததிலேர்ந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எப்படிச் சொல்றது? தினமும் அவ்வளவு ஆசையா கேக்குற. அதான், சருகைப் போட்டு மூடிட்டு வந்துட்டேன்."

"மூடி மூடியே கேடயம் வாங்கிட்டீங்க!"

அதற்குமேல் அவரோடு பேசப் பிடிக்கவில்லை.

மறுநாள் பரிமாறும் வேலையை உதவிக்கு இருப்பவளிடம் விட்டுவிட்டு, மிச்சம் கொட்டும் வாளிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். முதலில் வந்த சிறுமி என்னைக் கண்டதும் தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"திட்ட மாட்டேன் கண்ணு. ஏன் வச்சுட்டே? நல்லா இல்லையா?"

"நல்லாதான் இருக்கு ஆன்ட்டி. ஆனா மலை மாதிரி போடுறீங்க. வயித்துல இடமே இல்ல."

அவளுக்குப் பின்னால் நின்றவள் எட்டிப் பார்த்தாள். "எனக்கு இடம் இருக்கு ஆன்ட்டி. பீன்ஸ்தான் கொழகொழன்னு இருக்கு."

கரண்டியால் அவள் தலையில் ஒன்று போடலாமா என்று இருந்தது. உள்ளே போய் வாயில் போட்டுப் பார்த்தேன். கொழகொழவென்றுதான் இருந்தது. காலையிலேயே வேகவைத்து மூடிவைத்தால் மத்தியானத்துக்குள் குழையாமல் என்ன செய்யும்? அடுப்பில் இருக்கும்போது உப்புப் பார்ப்பதோடு சரி, பிள்ளைகள் தட்டில் விழும்போது எப்படி இருக்கிறதென்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து காய் கடைசியில்தான் வேகிறது. கரண்டியும் சின்னதாகிவிட்டது. "போதுமா, இன்னும் வேணுமா?" என்று கேட்டுத்தான் போடுகிறேன். மறுபடி வந்து வாங்கிக்கொள்கிற பிள்ளைகளும் உண்டு. வாளி நாளுக்கு நாள் இளைத்தது.

ஒரு நாள் அவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் தோலும் காம்பும் மட்டும் கிடந்தன.

"என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே! அடுத்த வருஷம் கேடயம் கிடைச்ச மாதிரிதான்" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் இந்த மனிதர் வீட்டில் இத்தனை நாளும் சொன்ன "நல்லாருக்கு"க்களில் எதை நம்புவது?

அன்று இரவு சோற்றைப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன்.

"எப்படி இருக்கு?"

வழக்கம்போல வாயைத் திறந்தார். மூடினார். என் முகத்தைப் பார்த்தார்.

"உப்பு கம்மி."

கோபம் மூக்குக்கு மேல் வந்தது. விறுவிறுவென்று போய் உப்பு ஜாடியை எடுத்துவந்து அவர் முன்னால் டக்கென்று வைத்தேன். பிறகு என் தட்டிலும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன்.

கம்மிதான். ஜாடியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.