பல் டாக்டர் இறங்க மறுக்கிறார்

1.
மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சூடான காற்று ஏன் மேலே போகிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கட்டுரை கேட்டார்கள். 'வெயில் தரையைச் சுடவைக்கிறது. தரை தன்மேல் உள்ள காற்றைச் சுடவைக்கிறது. சூடான காற்று லேசாகி—' என்று எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. அதனால் அந்தக் காற்றில் ஒரு பெண்ணை ஏற்றிவிட்டேன்.

2.
அவர் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்ஜின் இல்லாத விமானம் ஓட்டுகிறார். ஐந்து மணி நேரம் தரையிறங்காமல் பறந்தால் பேட்ஜ் கிடைக்கும். ஏற்கெனவே இரண்டு முறை கோட்டைவிட்டவர். இன்று நாலே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. விமானமோ இறங்கிக்கொண்டே இருக்கிறது. கீழே, விமானத்தை வீட்டுக்கு ஏற்றிப்போகும் டிரெய்லரோடு அவர் கணவர், கையில் வாக்கிடாக்கி.

இடது இறக்கை லேசாகத் தூக்கியது. அவர் வலப்பக்கம் திரும்பினா—

"யோவ் எழுத்தாளரே!" கணவர் என்னிடம்தான் கத்தினார். "தூக்குற பக்கம்தானய்யா சூடான காத்து இருக்கு! அதை விட்டுட்டு எங்க திருப்புற?"

[மன்னிக்கவும். விமானம் என்றால் நான் ஜன்னலோர சீட்டில் பயணம் போனதோடு சரி. ஏறும் காற்றுக்குப் பக்கத்திலேயே குளிர்ந்த காற்று இறங்கும் என்பது எனக்குத் தெரியாது. என் புத்திசாலித்தனத்தால் டாக்டர் இருநூறு அடி இறங்கிவிட்டார்.]

3.
'எங்கிருந்தோ ஒரு காற்று வந்து அவரை அள்ளி—' என்று எழுதியதை அடித்துவிட்டேன். நான் எழுதினால் காற்று ஏறாது, தரை சுட்டால்தான் ஏறும். கீழே என்ன இருக்கிறது? ஏரி, சுடாது. ஈர வயல், அதுவும் சுடாது. தகரக் கூரை போட்ட கிடங்கு! அதன்மேல் இரண்டு பருந்துகள் இறக்கையே அசைக்காமல் வட்டமடிக்கின்றன.

"அங்க போறேங்க," என்றார் டாக்டர். "கிடைக்கலன்னா இறங்க வேண்டியதுதான்."

"போன தடவை மாதிரி அழக் கூடாது, சொல்லிட்டேன்."

"அழுதது நானா, நீங்களா?"

இடது இறக்கை தூக்கியது. நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவரே இடப்பக்கம் திரும்பினார். நூறு அடி, முந்நூறு, எண்ணூறு! நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நானே கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

4.
ஐந்து மணி நேரம் முடிந்தது. "ஜெயிச்சாச்சு! இறங்கு, இறங்கு!" என்று கணவர் குதித்தார்.

முடிவு ஒன்று: அவர் இறங்கி வந்து கணவரைக் கட்டிக்கொண்டு—

"இப்ப வேணாம்," என்றார் டாக்டர்.

முடிவு இரண்டு: மேலேறிய காற்றிலிருந்த ஈரம் குளிர்ந்து மேகமாகிவிட, வேறு வழியில்லாமல்—

"மேகத்துக்குக் கீழயே சுத்திக்கறேன்."

"ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம்?"

வாக்கிடாக்கியில் சிரிப்புச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரு ஆள் இப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

எனக்கு அவரை இறக்க மனம் வரவில்லை. இதோ, வாக்கிடாக்கியை உங்களிடமே கொடுத்துவிடுகிறேன். மனம் வந்தால் நீங்கள் கூப்பிடுங்கள்.